அம்மம்மாவுக்கு ஒரு கதிரை

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் பெற்றோர் கூட்டம் எப்படி நடக்கும் என்று அதில் ஒருமுறை இருந்தவர்களுக்குத் தெரியும். தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கை கொடுக்கிற நாளில் தாய்மார் வந்து, பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரைகளில் ஒடுங்கி உட்காருவார்கள். வகுப்பாசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கணிதத்தில் இவ்வளவு, விஞ்ஞானத்தில் இவ்வளவு என்று வாசிப்பார். குறைந்த புள்ளிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருக்கும். மற்றத் தாய்மாரின் காதில் விழத்தான் இதெல்லாம் நடக்கும். "இனிப் பாத்துக்கொள்றன் டீச்சர்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு அந்தத் தாய் எழும்பிப் போவார். பிள்ளை இரவில் நித்திரை கொள்கிறதா, வீட்டில் யாரோடாவது வாய் திறந்து கதைக்கிறதா என்று கேட்பார் இல்லை. தாய்க்குச் சொல்ல ஆசை இருந்தாலும் அதற்கு அங்கே இடமில்லை.

நான் பாண்டிருப்பில் பிறந்தவன். எங்களுக்கு வடக்கே மருதமுனை, தெற்கே கல்முனை. கிழக்கே கடல், வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இந்தக் கரையோரத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிள்ளைகளின் மனநலம் என்ற பேச்சே எழாது. இன்றைக்கு அதைப் பேசாத மேடை இல்லை. வலயத்தில் கருத்தரங்கு வைக்கிறார்கள், சுவரெல்லாம் சுவரொட்டி, பாடசாலைக்கு ஒரு ஆலோசனை ஆசிரியர். எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் வீட்டிலிருக்கிற பெரியவர்களைச் சேர்ப்பது என்று வரும்போது, அவர்களை வரவழைத்துப் புத்தி சொல்லி அனுப்புவது என்றே நம்மில் பலர் நினைக்கிறார்கள். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பிறகு அவர்கள் கையில் ஒரு பொறுப்பைக் கொடுக்க வேண்டும். புத்தி சொல்வது இருந்தால் அதற்கும் பிறகுதான். இந்த ஒழுங்கு மாறினால் காரியம் கெட்டுவிடும் என்பது என் அனுபவம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறைக் காலம். அன்று காலை ஏறிய கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. நாட்டின் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை பேர் சாகவில்லை. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரை நெடுக, வீடு நின்ற இடங்களில் அத்திவாரம்தான் மிஞ்சியது. அடுத்த வருடம் பாடசாலைகளைத் திறந்தோம். பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் தரிக்க மாட்டார்கள். காற்றுத் திரும்பிக் கடல் இரைச்சல் கொஞ்சம் கூடக் கேட்டால் போதும், வகுப்பே யன்னல் பக்கம் கிறுகிவிடும். பாடம் நடக்கும்போதே எழும்பி நடையைக் கட்டுகிற பிள்ளைகளும் இருந்தார்கள்.

அப்படி எழும்பிப் போகிறவர்களில் மூன்றாம் தரத்தில் ஒரு பையன். தாயும் தங்கச்சியும் போய், அம்மம்மாவோடு முகாமில் இருந்தவன். அவனைக் கொண்டுவந்து விடுகிற அம்மம்மா திரும்பிப் போகாமல் படலைக்கு வெளியே மண்ணில் குந்தியிருப்பார். முதல் இரண்டு நாள் காவலாளி "வீட்ட போங்க ஆச்சி" என்று சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் எங்கள் பிரதி அதிபர் அம்மா, அலுவலகத்திலிருந்த கைபிடி வைத்த கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய் அந்த வகுப்பு வாசலில் வைத்தார். "ஆச்சி, இதில இருங்க. பேரன் கிறுகிப் பார்த்தா நீங்க தெரியோணும்" என்றார்.

ஆச்சி அங்கேயே இருந்து பன் பாய் இழைத்தார். பையன் எழுதுவான், தலையைத் தூக்கிப் பார்ப்பான், ஆச்சியின் கையில் பாய் ஒரு விரற்கடை கூடியிருக்கும், திரும்பவும் எழுதுவான். இரண்டு கிழமை கழிந்தது. பிரதி அதிபர் கதிரையை வாசலிலிருந்து விறாந்தையின் கோடிக்கு நகர்த்தினார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அது முற்றத்து வேம்பின் கீழ் போனது. அங்கிருந்து படலையடிக்கு. ஒவ்வொரு முறையும் பையனைக் கேட்டுத்தான் நகர்த்தினார்கள். "இண்டைக்கு மரத்தடியில வைக்கட்டா மனே?" என்று கேட்பார். வேண்டாம் என்று தலையாட்டினால் அன்றைக்கு நகர்த்துவதில்லை. முதலாம் தவணை முடியும்போது ஆச்சி பாடசாலை விடுகிற நேரத்துக்கு மட்டும் வந்தார்.

இதில் எனக்கு மிகவும் பெரிதாகப்பட்டது கதிரை நகர்ந்த விதமல்ல. பிரதி அதிபர் ஒவ்வொரு காலையும் ஆச்சியிடம் வந்து, பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "ராவு நித்திரை கொண்டீங்களா ஆச்சி? என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்பார். மகளைப் பறிகொடுத்த மனுஷி அது. அவரிடம் அதைக் கேட்க அந்த முகாமில் வேறு ஆளில்லை. ஆச்சி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். அவர் நிமிர நிமிரப் பையனும் தெளிந்தான். எந்தப் பயிற்சியிலும் இதைப் பிரதி அதிபர் படித்ததில்லை. வீட்டுப் பெரியவர் விழுந்து கிடக்கும்போது பிள்ளையை மட்டும் தூக்கி நிறுத்த முடியாது என்பது அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது.

அதே நாட்களில் எத்தனையோ அமைப்புகள் வண்ணப் பென்சிலும் கரடிப் பொம்மையுமாக வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஒவ்வொருவரும் பிள்ளைகளைப் படம் கீறச் சொன்னார்கள். பிள்ளைகளும் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த அலையையே கீறிக் கொடுத்தார்கள். வாகனங்கள் போன பிறகு அந்தப் பிள்ளையோடு யார் இருப்பார் என்ற கேள்வியை அவர்களில் சிலர்தான் கேட்டார்கள். மட்டக்களப்பில் 1996ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அப்படிக் கேட்ட இடங்களில் ஒன்று. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த போல் ஹோகன் என்ற ஓவியரும் சேர்ந்து தொடங்கியது அது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒரே வளவில் விளையாட வைத்தார்கள். ஒருநாள் கூத்தாக இல்லாமல், மாதக்கணக்கில்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருவதும் இதைத்தான்: போரும் பேரழிவும் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தும், ஆறுவதும் சேர்ந்தேதான். ஓய்வுக்குப் பிறகு வாசித்த ஓர் ஆய்வு இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. வடக்கில் 399 பிள்ளைகளை எடுத்து, பாடசாலைக்குள்ளேயே ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள் நடத்துகிற ஒரு திட்டத்தின் பலனைப் பார்த்து, 2012ல் வெளியிட்டிருந்தார்கள். சில பிள்ளைகளுக்கு நல்ல பலன். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. போரோடு ஒட்டிய நெருக்கடி அன்றாட வாழ்வில் குறைவாக இருந்த பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினார்கள். பயத்தின் அறிகுறிகள் குறைவதில் பெண்பிள்ளைகளுக்கு எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. வன்னிப் பிள்ளைகளைப் பற்றி 2015ல் வந்த இன்னொரு ஆய்வு, தாய் தகப்பனின் அன்பான கவனிப்பை உணர்கிற பிள்ளைகள், எவ்வளவைக் கண்டிருந்தாலும், உள்ளுக்குள் ஒடுங்கிப்போவது குறைவு என்று சொல்கிறது. வகுப்பறைக்குள் என்னதான் செய்தாலும், பிற்பகல் ஒன்றரை மணிக்கு மணி அடித்தபின் பிள்ளை எந்த வீட்டுக்குப் போகிறது என்பது பெரிய விஷயம்.

அந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று பாடசாலைக்கு முதலில் தெரிய வேண்டும். எங்கள் கிழக்கில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்தவர் மனைவியின் வளவுக்கு வந்து சேர்வார். அதனால் தாயின் தாய் எப்போதும் ஒரு சத்தம் கூப்பிடு தூரத்தில் இருப்பார். தாய் கட்டாருக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா, உம்மாவின் உம்மா. பாடசாலைப் படிவத்தில் அவருக்கு ஒரு கோடு கிடையாது. "பெற்றோர் மட்டும் வரவும்" என்று கடிதம் போகும். தகப்பன் கடலில், தாய் சவூதியில். அம்மம்மாவோ, எழுத்துத் தெரியாத நான் போய் என்ன செய்வது என்று வீட்டில் இருந்துவிடுவார். பிறகு ஆசிரியர் அறையில், "அந்தப் பிள்ளையின் வீட்டில் அக்கறையே இல்லை" என்று பேச்சு நடக்கும். அக்கறை இல்லாத வீடு என்று நாங்கள் முடிவுகட்டுகிற வீடுகளில் பாதி, எங்கள் கடிதம் போய்ச் சேராத வீடுகள்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு யாரும் வீடுவீடாகக் கடிதம் கொடுப்பதில்லை. பதினெட்டு நாளும் சனம் தானாக வரும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேற்றினால் அங்கும் அப்படியே. பக்தி முதற் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏதோ ஒரு வேலை உண்டு. ஒருவருக்கு விறகு, ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குச் சோறு பகிர்வது. யாரும் யாரையும் நிறுத்திவைத்து விசாரிப்பதில்லை. பாடசாலையில் பெற்றோருக்கு உரிய வேலை கையெழுத்து வைப்பதும் காசு கொடுப்பதும் என்று ஆகிவிட்டது. வராமல் இருப்பதில் அதிசயம் என்ன?

நான் பார்த்ததில் தாய்மார் மனம் திறக்கிற இடம் பாடசாலைக் குசினிதான். மதிய உணவுத் திட்டத்துக்குத் தாய்மார் முறை வைத்துச் சமைக்க வருவார்கள். எங்கள் பாடசாலையில் ஆலோசனைக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியை ஒருவர், தன் இலவசப் பாடவேளையில் அங்கே போய் ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பார். கேள்வி எதுவும் கேட்கமாட்டார். கீரை நுள்ளுகிற கை நிற்காமலே ஒரு தாய் சொல்வார்: "மூத்தவள் இப்ப ரெண்டு மாசமா என்னோட மூஞ்சைய நீட்டிக்கொண்டுதான் திரியிறாள் டீச்சர். கேட்டா அழுறாள்." பக்கத்தில் இருக்கிறவர், "என்ட மகளும் அப்பிடித்தான் இருந்தவ. நான் கூடப் படுத்தன், மறுகா ஒள்ளுப்பம் சொன்னா" என்பார். பாதிக் காரியம் அங்கேயே முடிந்துவிடும். ஆசிரியை செய்ததெல்லாம் இரண்டொரு சொல் சேர்த்ததும், அந்தப் பிள்ளையை வகுப்பில் கொஞ்சம் கவனிக்கச் சொல்லி வைத்ததும்தான். இதையே ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, "உங்கள் மகளின் மனநிலை பற்றிப் பேச வேண்டும்" என்று தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். "என்ட புள்ளைக்கு விசர் எண்டா சொல்றீங்க?" என்று கேட்டு எழும்பிப் போன தாயை நான் பார்த்திருக்கிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

தகப்பன்மாரைப் பிடிப்பது இன்னும் கடினம். என்னிடம் படித்த ஒருவர் இப்போது வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராக இருக்கிறார். பின்னேரங்களில் வந்து கதைப்பார். சாதாரண தரம் எழுத வேண்டிய ஒரு பையன் வகுப்பில் தூங்கி விழுகிறான், யாரோடும் கதையில்லை. தகப்பன் மருதமுனையில் சாரம் வாங்கி ஊர் ஊராக விற்கிறவர். அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பாமல், மகனை ஏற்ற அவர் படலையடிக்கு வருகிற நேரத்தில் இவரே போய் நின்றிருக்கிறார். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை, தலைக்கவசத்தையும் கழற்றவில்லை.

"மகன் என்ன செஞ்சிட்டான் சேர்?"

"ஒண்டும் செய்யல்ல காக்கா. நல்ல புள்ள. வீட்டுல எப்பிடி இரிக்கான் எண்டு உங்களட்டக் கேக்கத்தான் வந்தன்."

அந்த மனுஷருக்கு நம்பிக்கையில்லை. மகனைப் பற்றிக் குற்றம் சொல்லாமல் ஒரு ஆசிரியர் தன்னிடம் வருவது அதுவே முதல் தடவை என்றாராம். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவராகவே தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருக்கிறார். 2022ல் விலையெல்லாம் ஏறியதிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது, கடன். இரவில் அவரும் மனைவியும் கடனைப் பற்றி வாக்குவாதப்படுவது நடு அறையில் படுக்கிற மகனுக்குக் கேட்கிறது. "அவன் முழிச்சிக்கிட்டுத்தான் கிடக்கான் சேர். நான் பாத்திரிக்கன்" என்று சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார். ஆசிரியர் யோசனை ஏதும் சொல்லவில்லை. "நீங்க என்ன செய்யலாம் எண்டு நினைக்கீங்க காக்கா?" என்று கேட்டிருக்கிறார். கடன் கதையை இரவில் வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று தகப்பனே முடிவெடுத்தார். சனிக்கிழமைகளில் மகனையும் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போகத் தொடங்கினார். பையன் இன்னும் அதிகம் பேசுகிறவன் இல்லையாம். ஆனால் வகுப்பில் தூங்குவதில்லை.

இப்படி வந்து நிற்கிற தகப்பனிடமும் தாயிடமும் பெரிய சொற்கள் தேவையில்லை. நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, விளையாடப் போகிறானா, யாரோடு கதைக்கிறான் என்று கேட்டால் போதும். இந்த நான்கிலும் முந்தி இருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதை வீட்டிலிருப்பவர்தான் சொல்ல முடியும். எந்த ஆசிரியருக்கும் அது தெரியாது. அந்த அறிவோடு வருகிறவரிடம் கேட்காமல் அவருக்கே பாடம் எடுப்பது அநியாயம்.

பாடசாலை தன் பங்குக்கு விடவேண்டியவையும் உண்டு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மறுநாளே சித்தியடைந்த பிள்ளைகளின் படங்களோடு மதிலில் பதாகை தொங்கும். பத்து வயதுப் பிள்ளைகள். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழால்தான் மறுநாளும் உள்ளே வர வேண்டும். அந்தப் பிள்ளையின் தாயும் அதைப் பார்த்துக்கொண்டுதான் விட்டுப் போக வேண்டும். 2020ல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் வட்ஸ்அப் குழு வந்தது. அது பெரிய உதவியாக இருந்தது, மறுப்பதற்கில்லை. இப்போது அதிலே பரீட்சைப் புள்ளிகளைப் பெயரோடு வரிசைப்படுத்திப் போடுகிறார்கள். முந்தி வகுப்பறைக்குள் முடிந்த வெட்கம், இப்போது தகப்பனின் கைபேசி வழியாகக் கட்டாருக்குப் போய், இரவு அழைப்பில் ஏச்சாகத் திரும்பி வருகிறது. தாய் தகப்பனின் பயத்தை நாங்களே ஊதி வளர்த்துவிட்டு, பிறகு அவர்களுக்கே மன அழுத்தம் பற்றிக் கருத்தரங்கு வைப்பதில் பொருளில்லை. அந்தப் புள்ளிப் பட்டியலை நிறுத்த ஒரு சதம் செலவில்லை. அதிபர் இன்றைக்கே நிறுத்தலாம்.

அடி பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் எழுத்தில் கொடுத்துவிட்டது. ஆனாலும், "கண் ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உங்கட விருப்பம் போல செய்யுங்க சேர்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைக்கிற தகப்பன் இன்றைக்கும் வருகிறார். அவரை எதிர்த்துச் சட்டம் பேசினால் வாய் மூடிக்கொண்டு போவார், வீட்டில் அடிப்பார். அவரும் அப்படி அடிவாங்கி வளர்ந்தவர், பாடசாலைப் படலையைக் கண்டாலே முதுகு கூசுகிறவர். அவரை உட்கார வைத்து, "நீங்க படிக்கிற காலத்தில எப்பிடி இருந்தது?" என்று கேட்டால், பத்து நிமிஷத்தில் தன் மகனின் பயத்தை அவரே கண்டுகொள்வார். இதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

பேச்சால் தீராத நிலையும் வரும். பிள்ளை சாக வேண்டும் என்று சொல்லிவிட்டால், உடம்பைக் கீறிக்கொண்டால், நாட்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் இருந்தால் அது வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம். தாமதிக்கக்கூடாது. அங்கொடையிலிருக்கும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சிறுவர் பாதுகாப்புக்கு 1929. ஆனால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவின் வாசலில் நிற்க எங்கள் ஊரில் யாருக்கும் கூச்சம். கண்டவர் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் சொல்லிவிடுவாரோ என்ற பயம், முக்கியமாகப் பெண்பிள்ளை என்றால். முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளையின் தாய் போகமாட்டார். ஆசிரியர் ஒருவர் கூடப் போய் அந்த வாங்கில் பக்கத்தில் இருந்தால் போவார். முதல் தடவை மட்டும் கூடப் போனால் போதும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குத் தெரியும். பாடத்திட்டம் முடியாது, பதிவேடுகள் முடியாது. ஆனால் புதிதாக ஒரு சங்கம் தொடங்கத் தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. மதிலும் மலசலகூடமும் தண்ணீர்த் தாங்கியும் பேசுகிற அதே கூட்டத்தில், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் பேச அரை மணி நேரம் ஒதுக்கலாம். படிவத்தில் வளர்ப்பவரின் பெயருக்கு ஒரு கோடு போடலாம். கடலுக்குப் போகிறவர்கள் கரைக்கு வந்து வலையை உதறி முடிக்கிற நேரம் பார்த்துக் கூட்டம் வைக்கலாம். தீமிதிப்புக் காலத்திலும் நோன்பு காலத்துப் பின்னேரங்களிலும் வைக்காமல் விடலாம். அம்மம்மாமாருக்குக் கைபிடி வைத்த நல்ல கதிரையாகப் போடலாம். ஆலோசனை ஆசிரியருக்குக் கிழமையில் சில பாடவேளைகளை உண்மையாகவே விட்டுக்கொடுக்க வேண்டும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க அவரை அனுப்பக்கூடாது. வலயத்திலிருந்து யாராவது வந்து அவர் எங்கே என்று கேட்டால், குசினியில் தாய்மாரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார், அதுதான் அவருடைய வேலை என்று அதிபர் தைரியமாகச் சொல்லட்டும்.